பிதுங்கிய ஜவ்வும் சிறு துளை வழிச் சிகிச்சையும்

நேயர்களுக்கு வணக்கம். முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவன் என்ற முறையில், முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்குவதால் வரும் கால்வலியைப் பற்றியும், பெரிதாகக் கீறாமல் அதற்குச் செய்யப்படும் சிகிச்சைகளைப் பற்றியும் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். என்னிடம் வருபவர்களில் பலர், உட்காருவதற்கு முன்பே ஸ்கேன் உறையை மேசைமேல் வைத்து, “ஜவ்வு விலகிவிட்டதாம் டாக்டர், கீறாமல் எடுத்துவிட முடியுமா?” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எடுக்க வேண்டுமா என்ற கேள்வியை அவர்கள் கேட்பதே இல்லை. எனக்கோ அதுதான் முதற்கேள்வி.

ஜவ்வு விலகுவதில்லை. மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு இறுகப் பிணைந்திருக்கும் அது, அடுக்கிலிருந்து தட்டு நழுவுவதுபோல நழுவ முடியாது. அதன் வெளிப்புறம் நார்களால் பின்னப்பட்ட உறுதியான வளையம். உட்புறம் நீர்ச்சத்து நிறைந்த கூழ். வளையம் நைந்து கிழியும்போது கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி, அருகே இறங்கிச் செல்லும் நரம்பு வேரை அழுத்துகிறது. அழுத்துவதோடு நில்லாமல், கூழில் உள்ள வேதிப்பொருள்கள் நரம்பைச் சுற்றி அழற்சியையும் உண்டாக்குகின்றன. பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான் இது நிகழ்கிறது என்பதால், கோளாறு இடுப்பில் இருந்தாலும் வலி பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே இறங்கி, பெருவிரல் வரையோ சுண்டுவிரல் வரையோ மின்சாரம் பாய்வதுபோல ஓடுகிறது. இருமினால், தும்மினால் கூடுகிறது. இந்தத் தொடர்பை 1934-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக எடுத்துக்காட்டும் வரை, அங்கே கிடைத்த துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டிகள் என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது.

பிதுங்கிய துண்டை உடலே கரைத்துவிடும் என்பதை நோயாளிகள் எளிதில் நம்புவதில்லை. நார்வளையத்துக்கு வெளியே வந்துவிட்ட கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, தன் பாதுகாப்பு அணுக்களை அனுப்பித் தின்றுவிடச் செய்கிறது. ஸ்கேனில் பார்க்கவே அச்சமூட்டும் பெரிய துண்டுகள்தாம் பல வேளைகளில் முழுமையாகச் சுருங்குகின்றன. நெதர்லாந்தில், 6 முதல் 12 வாரங்களாகக் கடும் கால்வலியோடு இருந்த 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை சிகிச்சை செய்தும், மறு பிரிவினரை மருந்தோடு காத்திருக்க வைத்து, தேவைப்பட்டால் பிறகு அறுவை செய்தும் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. விரைவில் அறுவை செய்துகொண்டவர்கள் ஏறக்குறைய 4 வாரங்களிலும், காத்திருந்தவர்கள் 12 வாரங்களிலும் நலம் பெற்றார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 95 பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் வலி தாங்காமல் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்கு வந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே, அறுவை சிகிச்சை பெரும்பாலும் வாங்கித் தருவது காலத்தைத்தான். தினக்கூலிக்குச் செல்லும் ஒருவருக்கு அந்த எட்டு வாரம் குடும்பத்தின் உணவு. ஓய்வு பெற்ற ஒருவருக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய காலமாக இருக்கலாம். இதை ஸ்கேன் சொல்லாது, நோயாளிதான் சொல்ல வேண்டும்.

ஸ்கேனைப் பற்றி இன்னொன்று. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதேனும் ஒரு ஜவ்வாவது புடைத்திருந்தது. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், கால்வலி இல்லாமல் இடுப்புவலி மட்டும் இருந்த ஒருவருக்கு, படத்தில் தெரிந்த புடைப்பை நம்பி அறுவை செய்தேன். புடைப்பு போயிற்று, வலி போகவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் என் முன் அமர்ந்திருந்த விதத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, நீட்டிய காலை நான் உயர்த்தும்போது வலி பாய்கிறதா, பெருவிரலை மேல்நோக்கித் தூக்க வலுவிருக்கிறதா என்றெல்லாம் சோதித்த பிறகே உறையைப் பிரிக்கிறேன்.

கீறலைத் தவிர்க்கும் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பப்பாளியின் கதை. ஆட்டிறைச்சி மென்மையாக வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதுண்டு. அதன் பாலில் உள்ள நொதியை 1956-இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முயல்களின் இரத்தத்தில் செலுத்தியபோது, நிமிர்ந்திருந்த காதுகள் துவண்டு தொங்கின. சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்தன. காதின் குருத்தெலும்பைத் தளர்த்தும் நொதி ஜவ்வின் கூழையும் கரைக்குமே என்று எண்ணிய லைமன் சுமித் என்ற அறுவை மருத்துவர், பப்பாளியிலிருந்தே பிரித்த நொதியை ஊசி வழியே மனிதர்களின் ஜவ்வுக்குள் செலுத்தி, 1964-இல் முடிவுகளை வெளியிட்டார். பலருக்குக் குணம் கிடைத்தது. ஆயினும் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும், அரிதாகத் தண்டுவடப் பாதிப்பும் நேர்ந்ததால் அதன் பயன்பாடு தேய்ந்து, அமெரிக்காவில் 2003-இல் விற்பனை நின்றது. ஊசிதானே என்று எந்தச் சிகிச்சையையும் இலேசாக எண்ணக் கூடாது என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

1977-இல் காஸ்பார், யாசர்கில் என்ற அறுவை மருத்துவர்கள் ஜவ்வு அறுவையில் நுண்ணோக்கியைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்ட பின், கீறல் ஓரங்குல அளவுக்குச் சுருங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்பே ஜப்பானில் ஹிஜிகாட்டா என்ற மருத்துவர், தோல் வழியே குழாய் செலுத்தி ஜவ்வின் நடுப்பகுதியை எடுத்திருந்தார். பின்னர் பிலடெல்பியாவில் பணியாற்றிய பர்விஸ் கம்பின், முதுகெலும்பின் பக்கவாட்டில், வெளியேறும் நரம்புக்கும் கீழ் எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே கருவி நுழையப் பாதுகாப்பான ஒரு முக்கோண இடம் இருப்பதை வரையறுத்தார். இன்று நாங்கள் எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவி) கொண்டு செய்யும் சிகிச்சை அந்த முக்கோணத்தின் வழியேதான் நடைபெறுகிறது. தசையை மரக்கச் செய்யும் ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, சுண்டுவிரலைவிட மெல்லிய குழாயைச் செலுத்தி, உப்புநீர் ஓடிக்கொண்டிருக்க, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் சிறு இடுக்கியால் பற்றி எடுக்கிறோம். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். கருவி நரம்பை நெருங்கினால் கால் எப்படி இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். எந்த இயந்திரமும் தர முடியாத எச்சரிக்கை அது.

இந்த முறையை நுண்ணோக்கி அறுவையோடு ஒப்பிட்டு, நெதர்லாந்தில் 613 பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. ஓராண்டில் கால்வலி குறைவதில் எண்டோஸ்கோப் முறை எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. தழும்பு சிறிது, வீடு திரும்புவது விரைவு. ஆனால் துண்டு நெடுந்தூரம் நகர்ந்திருந்தாலோ, தண்டுவடக் குழாய் எலும்பால் குறுகியிருந்தாலோ, சிறு துளைக்காகப் பிடிவாதம் பிடிப்பது தவறு. நரம்பருகே போடும் ஸ்டீராய்டு ஊசி, சில வாரங்களுக்கு வலியைத் தணித்து, உடல் தன் வேலையைச் செய்ய இடம் கொடுக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜவ்வின் கூழை லேசரால் சுருக்கும் முறைக்கு அதன் விளம்பரத்துக்கு ஈடான சான்று இருப்பதாக நான் கருதவில்லை.

எந்த முறையில் எடுத்தாலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மீண்டும் பிதுங்கலாம். கிழிந்த வளையத்தை நாங்கள் தைத்து மூடிவிடுவதில்லை என்பதே காரணம். அதனால் முதல் சில வாரங்கள் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்கிறேன். நடப்பதை மறுநாளே தொடங்கச் சொல்கிறேன். படுத்தே கிடப்பதால் பயனில்லை.

காத்திருக்கலாம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நான், காத்திருக்கவே கூடாத நிலையையும் சொல்லியாக வேண்டும். நடக்கும்போது காலிலிருந்து செருப்பு கழன்று விழும் அளவுக்குப் பாதம் வலுவிழந்தால், சில நாட்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள். இரு கால்களிலும் வலி பரவி, சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போய், சிறுநீர் வராமல் தங்கினாலோ அறியாமல் கசிந்தாலோ, பொழுது விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அப்போது துளை சிறிதா பெரிதா என்ற பேச்சுக்கே இடமில்லை. நரம்புகளை முழுமையாக விடுவிக்கும் வழி எதுவோ அதை அந்த இரவே செய்யக்கூடிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வணக்கம்.