விண்ணப்பம் எங்க செத்துப் போகுது? பெண் ஆய்வாளர் விருது, ஃபெலோஷிப்: சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு பேச்சு

வணக்கம். கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்குங்க. பின்னால செம்பனைக் குலை ஏத்தின லோரி ஒன்னு ஒன்னா மில்லுக்குப் போயிட்டு இருக்கு. மலேசியாவுல, பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட்ல சாயங்காலம்னா இப்படித்தான் லா.

இன்னைக்கு, அறிவியல் ஆராய்ச்சியில இருக்கிற பெண்களுக்கான விருது, ஃபெலோஷிப். மாஸ்டர்ஸ், பி.எச்.டி. பண்ற தங்கச்சிங்க, முடிச்சுட்டு லெக்சரரா சேர்ந்தவங்க, அவங்களுக்குத்தான் இந்த வீடியோ. ஆராய்ச்சி நல்லா இல்லாம தோக்கிறது வேற. விஞ்ஞானி ஒருத்தர் கண்ணுல படறதுக்கு முன்னாலயே கோப்பு ஓரமாப் போயிடுது பாருங்க, அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். விருதுங்கிறது செஞ்சு முடிச்ச வேலைக்கு. ஃபெலோஷிப்ங்கிறது இனிமே செய்யப்போற வேலைக்கு. லோரியால்-யுனெஸ்கோ ரெண்டையும் நடத்துது. 1998ல ஆரம்பிச்ச உலக விருது வருஷத்துக்கு அஞ்சு பேருக்கு, உலகத்தை அஞ்சு வட்டாரமாப் பிரிச்சு, ஆளுக்கு 100,000 யூரோ. இதுக்கு நீங்களே விண்ணப்பம் போட முடியாது, வேற ஒருத்தர் முன்மொழியணும். லேசான பரிசுன்னு நினைக்காதீங்க. 2008ல வாங்கின எலிசபெத் பிளாக்பர்ன், அடா யோனாத் ரெண்டு பேருக்கும் 2009ல நோபல். 2016ல வாங்கின சார்பென்டியே, டவுட்னாவுக்கு 2020ல. 2022ல வாங்கின கேட்டலின் கரிக்கோவுக்கு 2023ல.

மலேசியாவுக்குன்னு தனியா இருக்கிற ஃபெலோஷிப் 2006ல இருந்து நடக்குது. அது நீங்களே போடலாம். வயசு வரம்பு, பி.எச்.டி. முடிச்சு எத்தனை வருஷம், இந்த நிபந்தனை எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறலாம். அந்த வருஷத்து அறிவிப்பை மட்டும் படிங்க. போன வருஷம் வாட்சாப்ல வந்த போஸ்டரைப் பார்த்து ஃபாரம் நிரப்பாதீங்க.

மத்ததைச் சட்டுன்னு சொல்லிடறேன். ஷ்லும்பர்ஜர் அறக்கட்டளையோட 'ஃபேக்கல்டி ஃபார் த ஃபியூச்சர்' 2004ல தொடங்கினது. வளரும் நாட்டுப் பெண்கள் வெளிநாட்டுல பி.எச்.டி.யோ அதுக்கு மேற்பட்ட ஆய்வோ பண்ண, வருஷத்துக்கு அதிகபட்சம் 50,000 அமெரிக்க டாலர். படிச்சுட்டு ஊருக்குத் திரும்பி வந்து என்ன பண்ணப்போறீங்கன்னு கேப்பாங்க. 'நாட்டுக்குச் சேவை செய்வேன்'னு ஒத்த வரி எழுதினா பத்தாது. எந்தத் துறை, என்ன பாடம், யாரோட வேலைன்னு எழுதுங்க. மாஸ்டர்ஸ் படிக்கப் போறவங்க பிரிட்டிஷ் கவுன்சிலோட பெண்கள் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) உதவித்தொகையைப் பாருங்க, நாட்டுப் பட்டியல் மாறிட்டே இருக்கும். அப்புறம் இத்தாலி திரியெஸ்தேல இருக்கிற ஓ.டபிள்யூ.எஸ்.டி., அதாவது வளரும் நாட்டுப் பெண் விஞ்ஞானிகளுக்கான அமைப்பு. அதோட பி.எச்.டி. ஃபெலோஷிப் அறிவியல்ல ரொம்பப் பின்தங்கின நாடுகளோட பெண்களுக்கு. மலேசியா அந்தப் பட்டியல்ல இல்ல. 'வளரும் நாடு'ன்னு பேர்ல இருக்குன்னு மூனு மாசம் உக்காந்து நிரப்பி ஏமாந்துடாதீங்க.

இப்போ பேர். நம்ம பொண்ணுங்களுக்கு அடிக்கடி வர்ற தலைவலி இது. மைகார்டுல, அதான் நம்ம அடையாள அட்டையில, 'கலைவாணி ஏ/பி சுப்ரமணியம்'னு வச்சுக்குவோம். ஏ/பின்னா மலாய்ல 'மகள்'. முதல் கட்டுரையில 'எஸ். கலைவாணி'. ரெண்டாவதை சூப்பர்வைசர் அனுப்பினார், 'கலைவாணி சுப்ரமணியம்'. மூனாவதுல பத்திரிகைக்காரன் அப்பா பேரைக் குடும்பப் பேரா எடுத்துக்கிட்டு 'சுப்ரமணியம், கே.'னு போட்டுட்டான். நாலாவதுல அந்த 'ஏ/பி'யே நடுப்பேராப் போய் உக்காந்துக்கிச்சு. ஆய்வுக் கட்டுரையையும் அதை யார் மேற்கோள் காட்டினாங்கன்னும் பதிஞ்சு வைக்கிற ஸ்கோபஸ் தளம் இதை நாலு ஆளாக் கணக்குப் பண்ணும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்டுரை, ரெண்டு மேற்கோள். நடுவர் உங்க பேரைத் தட்டினா ஒத்தக் கட்டுரைதான் தெரியும்.

என்ன பண்ணலாம்? முதல் கட்டுரை அனுப்பறதுக்கு முன்னாலயே ஒரே வடிவத்தை முடிவு பண்ணிடுங்க. முழுப் பேர், அப்பா பேர், நடுவுல ஏ/பி வேணாம். கல்யாணத்துக்கு அப்புறமும் அதையே வச்சுக்குங்க. ஆர்கிட் (ORCID) எண் எடுங்க, ஆய்வாளருக்கான அடையாள எண் அது, 16 இலக்கம், காசு கிடையாது. எல்லாக் கட்டுரையிலயும் அந்த எண்ணைக் குடுங்க. ஏற்கெனவே சிதறிப் போயிருந்தா ஸ்கோபஸ்ல ஆசிரியர் பக்கத்தை ஒன்னாச் சேக்கச் சொல்லிக் கேக்கலாம். அதுக்கு நாள் எடுக்கும், கெடு தேதிக்கு மொத நாள் கேக்காதீங்க. பாஸ்போர்ட் பேரும் கட்டுரைப் பேரும் வேறயா இருந்தா சி.வி. மேல ஒரு வரி போட்டுடுங்க.

அடுத்து, பிள்ளை பெத்த இடைவெளி. இதை மறைக்காதீங்க. மறைச்சா 'ரெண்டு வருஷம் கட்டுரையே இல்ல'ன்னுதான் தெரியும். எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், எந்த வேலை நின்னுச்சு, எப்போ திரும்பத் தொடங்குச்சு, மூனு வரி போதும். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தோட தொடக்க மானியத்துல ஒரு பிள்ளைக்குப் 18 மாசம்னு தாய்மாருக்குக் காலவரம்பை நீட்டிக் குடுக்கிறாங்க. பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் பண்ணி வச்சுக்குங்க. வயசு வரம்பு தாண்டிட்டதா நினைச்சு விட்டுடாம, இந்த மாதிரி சலுகை இருக்கான்னு ஏற்பாட்டாளருக்கு எழுதிக் கேளுங்க.

பரிந்துரைக் கடிதம். என்னைக் கேட்டா பாதி விண்ணப்பம் இங்கதான் நிக்குது இல்ல விழுது. 2003ல டிரிக்ஸ், செங்காங்கிற ரெண்டு பேர் அமெரிக்க மருத்துவப் பள்ளி ஒன்னுக்கு வந்த 300க்கும் மேற்பட்ட கடிதத்தைப் படிச்சுப் பார்த்தாங்க. பெண்களுக்கு எழுதினது சராசரியாக் குட்டையா இருந்துச்சு. ஆம்பளைங்களுக்கு ஆராய்ச்சியைப் பத்தி எழுதினவங்க, பெண்களுக்குப் பாடம் நடத்தறதையும் பாடுபடற குணத்தையும் எழுதியிருந்தாங்க. சூப்பர்வைசர் கெட்டவர் இல்ல, பாராட்டறதாத்தான் நினைக்கிறார். ஆனா 'பொறுப்பான பொண்ணு, எல்லாருக்கும் உதவுவா'ன்னு எழுதினா அது நல்ல லேப் அசிஸ்டன்டுக்கான கடிதம்.

அதனால வெறுமனே 'டாக்டர், ஒரு கடிதம் குடுங்க'ன்னு கேக்காதீங்க. ஒரு மாசத்துக்கு முன்னாலயே கேளுங்க. கூடவே ஒரு பக்கக் குறிப்பு: என்ன கேள்வியை எடுத்தீங்க, அதுல எது உங்க சொந்த யோசனை, எந்தச் சோதனையை நீங்க வடிவமைச்சீங்க, விருதோட தேர்வு விதி என்ன, கெடு தேதி எது. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. டீனோட பேர் பெருசா இருக்குன்னு உங்களைத் தெரியாத டீன்கிட்ட போகாதீங்க. ஆய்வைக் கிட்டத்துல இருந்து பாத்தவர் எழுதற ஒன்னரைப் பக்கம் போதும்.

'இதெல்லாம் பாரபட்சம் இல்ல, திறமை இருந்தா கிடைக்கும்'னு கமெண்ட்ல யாராவது எழுதுவீங்க, தெரியும். 1997ல வென்னெராஸ், வோல்ட்னு ரெண்டு சுவீடன் பெண் ஆய்வாளர்கள் 'நேச்சர்'ங்கிற அறிவியல் பத்திரிகையில ஒரு கட்டுரை போட்டாங்க. அந்த நாட்டு மருத்துவ ஆய்வு மன்றத்தோட ஃபெலோஷிப்ல, ஒரு ஆண் வாங்கின அதே மதிப்பெண்ணை வாங்க ஒரு பெண் ரெண்டரை மடங்கு சாதனை காட்ட வேண்டியிருந்துச்சு. அந்த மதிப்பெண் தாளை வாங்கவே கோர்ட்டு வரைக்கும் போனாங்க. பெண்களுக்குன்னு தனி நிதி ஏன் வேணும்னா, தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பாருங்க. தலச்சேரியில பிறந்து மெட்ராஸ்ல படிச்சவர், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில மிச்சிகன் போனார், 1931ல டாக்டர் பட்டம், அப்புறம் கோயம்புத்தூர்ல கரும்பு ஆராய்ச்சி.

சரி, ஆய்வுத் திட்டம். தேர்வுக் குழுவுல உங்க துறைக்காரர் ஒருத்தர் இருந்தாலே அதிர்ஷ்டம். இங்க பக்கத்துலயே இருக்கிற விஷயத்தை எடுத்துக்குவோம், செம்பனையைத் தின்னுற கனோடெர்மா பூஞ்சை. 'கனோடெர்மா போனினென்ஸ் நோய்த்தாக்கத்தின் மூலக்கூறு அடிப்படைகள்'னு தொடங்கினா பௌதிகக்காரர் பக்கத்தைத் திருப்பிடுவார். இப்படித் தொடங்குங்க: 'அடிமரத்துல காளான் வெளிய தெரியற நேரத்துல உள்ள பாதித் தண்டு ஏற்கெனவே அழுகியிருக்கும். அதுக்கு முன்னாலயே கண்டுபிடிக்க ஒரு சோதனை வேணும்.' பிரச்சினை, உங்க கேள்வி, செய்முறை, 12 மாசத்துல கையில என்ன இருக்கும். 12 மாசத்துல முடியாததை எழுதாதீங்க, குழுவுக்கு உடனே தெரிஞ்சிடும்.

பட்ஜெட்டை 30,000 வெள்ளி (ரிங்கிட்)னு வச்சுப் போட்டுப் பாப்போம். அரசாங்க மானியத்துல பழகின வோட் எண்லயே, அதான் செலவு வகைக்கான குறியீட்டு எண்லயே, எழுதினா பல்கலைக்கழக நிதிப் பிரிவு திருப்பி அனுப்பாது. 27000, ரசாயனமும் பொருளும், 16,000 வெள்ளி. 29000, வெளியில குடுத்துச் செய்யற டி.என்.ஏ. வரிசைப்படுத்தல் மாதிரி சேவை, 9,000. 21000, தோட்டம் தோட்டமாப் போய் மாதிரி எடுக்கற பயணம், 5,000. கூட்டிப் பாருங்க, முப்பதாயிரம் வருதா? கூட்டல் தப்பு இருக்கிற பட்ஜெட்டைப் பார்த்தா மத்த எண்ணையும் நம்ப மாட்டாங்க. கருவிக்கான 35000ங்கிற வோட்ல பெரிய மெஷின் கேக்காதீங்க, இந்த அளவுத் தொகையில மெஷினும் வராது, பராமரிக்க ஆளும் இருக்காது. ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் குவோட்டேஷன் கையில இருக்கணும். ஐஸ்ல வெளிநாட்டுல இருந்து வர்ற என்சைம் வந்து சேர வாரக்கணக்கா ஆகும், அதனால கால அட்டவணையில முதல் சோதனையை மூனாவது மாசத்துல போடுங்க.

கடைசியா, கெடு நேரம். 'மத்திய ஐரோப்பிய நேரம் 23:59'னு போட்டிருந்தா, குளிர்காலத்துல நமக்கு மறுநாள் காலை 6:59. ஏழு மணி நேரம் கூடக் கிடைச்சுதுன்னு சந்தோஷப்படாதீங்க, இங்க இடி இடிச்சா நெட்டு போயிடும். ரெண்டு நாளைக்கு முன்னாலயே அனுப்பிடுங்க. பி.டி.எஃப்.பை வேற ஒருத்தர் போன்ல திறந்து காட்டச் சொல்லுங்க, எழுத்து உடைஞ்சிருக்கான்னு தெரியும். அனுப்பினதுக்கு ஒப்புகை மெயில் வரணும், ஸ்பாம்லயும் தேடுங்க. வரலேன்னா மறுநாளே எழுதிக் கேளுங்க.

மழை பிடிச்சுக்கிச்சு, கேமராவை உள்ள எடுத்துட்டுப் போறேன். நீங்க எந்த அறிவிப்பைப் பாக்கிறீங்கன்னு கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோல அதோட ஃபாரத்தை வரி வரியாப் படிக்கலாம்.