வட்டக் கரைக்குள் ஏர் போகாது

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்தின் வயல்வெளியில் சுமார் 30 மீட்டர் குறுக்களவில் வட்டமாக ஒரு மண்கரை. வெளியே தூர்ந்துபோன அகழி. கரைமேல் வெண்முள் மரங்கள். சுற்றிலும் உழுதிருந்தாலும் அதற்குள் ஏர் போகாது. ஊரார் அதைத் தேவதைக் கோட்டை என்பார்கள். ஐரிஷ் மொழியில் ராத், லிஸ். ராத்மைன்ஸ், லிஸ்டூன்வார்னா என்ற ஊர்ப்பெயர்களில் அந்தச் சொற்கள்தான் இருக்கின்றன.

கோட்டை என்பது பெயருக்குத்தான். பெரும்பாலும் கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில் கட்டிய பண்ணை வீடுகள் இவை. மாடு திருடர்களுக்குத் தடையாகக் கரை எழுப்பினார்கள். இன்று ஏறத்தாழ 45,000 தெரியவந்துள்ளன. சிலவற்றின் அடியில் கல் பாவிய சுரங்கவழி உண்டு. மண்ணுக்குள் ஆள் குடியிருக்கிறது என்ற பேச்சுக்கு அதுவே போதுமே!

அங்கிருப்பதாக நம்பப்படும் தேவதைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நல்ல சனங்கள்' என்பதே வழக்கம். வீடு கட்டுமுன் மனையின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வருவார்கள். விடிந்து பார்க்கும்போது கல் நகர்ந்திருந்தால் அது அவர்கள் நடக்கும் பாதை, மனையை மாற்ற வேண்டும். பழகிய வயலிலேயே இரவில் வழி தெரியாமல் சுற்றினால், மயக்கும் மண்ணை மிதித்துவிட்டதாகப் பொருள். மேல்சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டால் வழி புலப்படுமாம். 1937–39இல் பள்ளிப் பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய தொகுப்பில் இத்தகைய செய்திகள் ஏராளம்.

இந்த நம்பிக்கையை வெறும் அழகாக மட்டும் பேசுவது சரியல்ல. 1895இல் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற பெண் நோயில் படுத்தார். இவள் என் மனைவியல்ல, அவளைத் தூக்கிப்போய் நல்ல சனங்கள் மாற்றிவைத்தவள் என்றான் கணவன். பச்சிலையைப் பாலில் காய்ச்சி வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். கடைசியில் அவன் அவரை எரித்தான். உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் வெளிவருவாள் என்று கோட்டையருகே காத்திருந்தான். இருபதாண்டுச் சிறைத் தண்டனையில் பதினைந்தைக் கழித்தான்.

அதே அச்சம்தான் கரைகளைக் காத்தது என்பதும் உண்மை. கரையைத் தட்டினால் மாடு சாகும், கை முடங்கும் என்ற பேச்சு, சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மண்வெட்டியை நிறுத்தியது. 1999இல் கிளேர் மாவட்டத்தின் லட்டூனில் சாலைப் பணியில் ஒரு வெண்முள் மரம் குறுக்கே நின்றது. அது நல்ல சனங்களின் மரம், வெட்டக்கூடாது என்று கதைசொல்லி எடி லெனிஹன் எச்சரித்தார். சாலைத் திட்டத்தைத் திருத்தி, மரத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். 2002இல் யாரோ ரம்பத்தால் கிளைகளையெல்லாம் அறுத்துப்போட்டார்கள். மரம் மறுபடி துளிர்த்தது.