பத்து ஷில்லிங்குக்குப் போன காணி

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சமையலும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. ஒரு காணிக் கதை.

இங்கே ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தமிழ் விழாக்களைப் பார்த்திருப்பீர்கள். மங்கல விளக்கு, அகவணக்கம், கனடா கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாம் முடிய, ஒருவர் தாளைப் பார்த்து, இது பூர்வகுடிகளின் பாரம்பரிய நிலம் என்று கடகடவென வாசித்துவிட்டுப் போவார். சபையில் பாதிப்பேர் அப்போதுதான் கதிரை தேடிக்கொண்டிருப்பார்கள். எந்தக் காணி, யாரிடமிருந்து, எப்படிப் போனது? அதைச் சொல்ல மாட்டார்.

1787இல் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடம் ரொறொன்ரோவை வாங்கிவிட்டதாகப் பிரித்தானியர் சொன்னார்கள். பிறகு காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், எல்லை எழுதவேண்டிய இடம் வெறுமை! தலைவர்களின் அடையாளங்கள் வேறு தாள்களில் இடப்பட்டு, அதில் இணைக்கப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் எந்த நொத்தாரிசும் இப்படியொரு உறுதியைக் கையால் தொட மாட்டார். 1805இல் திரும்ப எழுதினார்கள். இரண்டரை லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல், விலை 10 ஷில்லிங். அந்தப் பிணக்கு 2010இல்தான் 145 மில்லியன் டொலருக்குத் தீர்ந்தது.

அந்த 1805 எல்லைக்குள் ஸ்காபரோ வராது. இங்கே பொருந்துவது 1923இல் அரசோடு செய்த வில்லியம்ஸ் நில உடன்படிக்கைகள். ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் ஒப்பமிட்டன. காணி மட்டுமல்ல, தங்கள் பழைய நிலங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமையும் போய்விட்டது என்றது அரசு. 2018இல்தான் மன்னிப்புக் கேட்டு, 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு இணங்கினார்கள். இதற்கிடையில், ரூஜ் ஆற்றுப் பக்கத்தை நாங்கள் கொடுக்கவே இல்லை என்று மிசிசாகா மக்கள் 2015இல் கோரிக்கை வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்பிகியூ போடுகிற அதே ரூஜ்தான்.

"நாங்களே காணி இழந்து வந்தவர்கள், எங்களுக்கென்ன இதில்?" என்று சிலர் கேட்பார்கள். சரி, முல்லைத்தீவின் கேப்பாப்புலவில் 2017இல் இராணுவ முகாம் வாசலில் குந்தியிருந்த அம்மாமார் என்ன கேட்டார்கள்? தங்கள் காணியை. வெயிலிலும் மழையிலும் இருந்து கேட்டார்கள். அது எங்களுக்கு விளங்கினால் இதுவும் விளங்க வேண்டும். அங்கே பறிகொடுத்தோம் என்பது, இங்கே வாங்கிய வீட்டின் நிலத்துக் கதையை மாற்றாது.

அதனால் விழா நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். அந்த வாசிப்பைத் தமிழில் வையுங்கள், 1923ஐச் சொல்லுங்கள். ஒப்பமிட்ட அந்தச் சமூகங்களில் கேர்வ் லேக்கிலிருந்தோ ஸ்குகொக் தீவிலிருந்தோ ஒருவரைப் பேச அழையுங்கள், உரிய மதிப்பூதியத்தோடு. பட்டிமன்ற நடுவருக்குச் சென்னையிலிருந்து விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கிற ஆட்கள்தானே நாங்கள்!