நொய்யலின் உப்பும் அரசின் கடமையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்று நீர் கெட்டுவிட்டது என்றால் நுரையும் நாற்றமும் நிறமும்தான் நம் நினைவுக்கு வரும். உப்போ கண்ணில் படுவதில்லை. பளிங்கு போலத் தெளிந்த நீரிலும் பயிரைக் கருக்கும் அளவுக்கு அது கரைந்திருக்கக்கூடும். அந்த உப்பைக் கட்டுப்படுத்துவதில் அரசுக்குள்ள கடமையை நொய்யல் ஆற்றை முன்வைத்து இன்று பேச விரும்புகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏறுவதற்குச் சாய நீரில் நிறைய உப்பைச் சேர்க்க வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காமல், அலசும் நீரோடு ஏறக்குறைய முழுவதுமாக வெளியேறிவிடும்.

பட்டறைகளுக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே, எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கேட்கும் நிலை வந்தது. அணையைக் கட்டியதும் அரசுதான்; மேலே பட்டறைகளுக்கு இசைவு அளித்ததும் அரசின் இன்னொரு கைதான். ஒரு கை செய்வதை மறு கை கணக்கில் எடுத்துக்கொள்ளாததை இந்த வரலாற்றின் முதல் தவறாக நான் கருதுகிறேன்.

அணைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். வாய்க்கால் கரை நெடுக வெள்ளை பூத்திருந்தது. விரலில் தொட்டு நாவில் வைத்தால் கரித்தது. அந்த வீட்டு அம்மா கிணற்றைக் காட்டி, "இந்தத் தண்ணியில பருப்பே வேகறதில்லீங்க" என்றார்.

அரசிடம் அதிகாரம் இல்லாமல் இல்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. மாசு செய்யும் ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டுத் திருத்தம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தந்தது. குறிப்பிட்ட ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழில்கள் வரக்கூடாது என்று 1989இல் தமிழக அரசே அரசாணை பிறப்பித்தது. இத்தனையும் இருந்தும், பாசன உழவர்கள் நீதிமன்றப் படியேறித்தான் தீர்வு தேட வேண்டியிருந்தது. முதலில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயத்தின் நிறத்தைக் குறைத்தன. கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போனது. 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்ட பிறகும் நிலைமை சீராகாததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிய காலத்தில் செய்யாத கண்காணிப்பின் விலையை முதலில் உழவரும், பிறகு ஒரே நாளில் வேலையிழந்த தொழிலாளரும் கொடுத்தார்கள்.

கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஆனால் அந்த விதிக்கு உட்பட்ட நீரே ஒரு கோடி லிட்டர் வெளியேறினால், அதோடு 21 டன் உப்பு போகிறது. ஆண்டு முழுவதும் நீர் புரளும் பேராற்றில் அது நீர்த்துப்போகலாம். மழைக்காலம் தவிர வறண்டு கிடக்கும் நொய்யலில் நீர்த்துப்போக நன்னீர் எங்கே இருக்கிறது? ஆகவே ஒவ்வொரு பட்டறையும் வெளியேற்றும் நீரில் உப்பின் அளவைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஓர் ஆறு மொத்தம் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்குள் அடங்கும் அளவுக்கு மட்டுமே இசைவு வழங்குவது அரசின் கடமை.

இன்று நீரை அழுத்தி மெல்லிய சவ்வின் வழியே செலுத்தும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் ஆவியாக்கும் கலன்களிலும் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். இது பெரிய முன்னேற்றம். ஆனால் இறுதியில் மிஞ்சும் கலவை உப்பு மூட்டைகளாகக் கிடங்கில் சேர்கிறது. கூரை ஒழுகி மழை நனைத்தால் அது மறுபடியும் நிலத்தடி நீருக்கே போகும். எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை, கடைசியாக அவை எங்கே போயின என்ற கணக்கை வாரியம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

நீரின் மின்கடத்துத்திறனை அளந்தால் உப்பின் அளவு தெரிந்துவிடும். அதற்கான கருவி கையடக்கமானது. பட்டறைகளுக்கு மேலும் கீழும், அணையிலும், காவிரியில் கலக்கும் இடத்திலும் நாள்தோறும் அளந்து, அந்த எண்ணைக் கரையோர ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போட வேண்டும். அந்த அம்மாவின் கிணற்றையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், அளந்து அவர் கையில் சீட்டாகத் தர வேண்டும்.

நன்றி, வணக்கம்.