இந்தச் சம்பளத்தை நம்பிக் குடும்பத்தோடு ஊர் மாறலாமா?

(திரை: சமையலறை மேசை. ஒரு வெள்ளைத் தாள், பென்சில். பக்கத்தில் கைப்பேசியில் திறந்திருக்கும் வேலை நியமனக் கடிதம்.)

வணக்கம். வேலை கிடைத்துவிட்டது. ஊர் புதிது. சம்பளத்தைப் பெரிது என்றும் சொல்ல முடியாது, சின்னது என்று தள்ளவும் மனம் வராது. வீட்டில் துணையும் இரண்டு பிள்ளைகளும். பதில் சொல்ல ஒரு வாரம்தான் அவகாசம். இந்த நிலையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அந்த ஊரில் இந்தச் சம்பளம் போதுமா?"

அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் கேட்டால் "தாராளமாகப் போதும்" என்பார். இன்னொருவர் "வரவே வராதீர்கள்" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவரவர் வீட்டுக் கணக்கைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். அதை எப்படிப் போடுவது என்று இந்த வீடியோவில் பார்க்கலாம். நாங்கள் ஊர் மாறியபோது போட்ட கணக்கையும் காட்டுகிறேன்.

(திரை: தாளில் இரண்டு எண்கள். 60, அதன் கீழே 85.)

முதலில் ஒரு சின்னக் கண்கட்டு. இப்போது உங்கள் கைக்கு வரும் சம்பளம் 60 பங்கு என்று வைத்துக்கொள்வோம். புது வேலையில் 85. உயர்வு 40 சதவீதத்துக்கும் மேல். சந்தோஷப்பட வேண்டிய எண்தான். ஆனால் இப்போது உங்கள் துணையும் வேலை பார்க்கிறார், அவர் கொண்டுவருவது 40.

(திரை: 60-க்குப் பக்கத்தில் 40 எழுதப்படுகிறது. கூட்டினால் 100.)

ஊர் மாறினால் அந்த 40 நின்றுவிடும். 100 வந்த வீட்டில் இனி 85 வரும். சம்பளம் ஏறியிருக்கிறது, வீட்டு வருமானம் இறங்கியிருக்கிறது. நியமனக் கடிதம் ஒருவருடைய சம்பளத்தைத்தான் பேசும், குடும்பத்தின் வருமானத்தைப் பேசாது. அதனால் பழைய சம்பளத்தோடு புதுச் சம்பளத்தை ஒப்பிட வேண்டாம். எல்லாச் செலவும் போய் மாதக் கடைசியில் பழைய வீட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது, புது வீட்டில் எவ்வளவு மிஞ்சும்? இந்த இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும்.

சம்பளம் என்று நான் சொல்வது பிடித்தம் எல்லாம் போக வங்கிக் கணக்கில் வந்து விழுவதை. கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் ஆண்டுத் தொகையை அல்ல. அதில் வரி இருக்கும், ஓய்வூதியப் பிடித்தம் இருக்கும். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்கிற ஊக்கத்தொகையும் சேர்ந்திருக்கும். "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

(திரை: நான்கு உருவங்கள், இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. தலைக்கு மேல் எண்கள்: 1, 0.5, 0.3, 0.3.)

அடுத்து, தனி ஆள் சொல்லும் "போதும்" குடும்பத்துக்கு என்ன அர்த்தம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிட ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறது. வீட்டின் முதல் பெரியவருக்கு 1. அடுத்து 14 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் 0.5. 14 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் என்றால் கூட்டுத்தொகை 2.1.

அதாவது, உங்கள் கைக்கு 100 வந்தால், உங்கள் குடும்பம் வாழும் வாழ்க்கை, அதே ஊரில் 48-க்கும் கொஞ்சம் குறைவாகச் சம்பாதிக்கும் தனி ஆளின் வாழ்க்கைக்குச் சமம். ஆகவே அந்த ஊரில் தனியாக இருக்கும் நண்பரிடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இந்தச் சம்பளத்தில் பாதிக்கும் குறைவாக வந்தால் உன்னால் அங்கே ஓட்ட முடியுமா?" அவர் யோசிக்க ஆரம்பித்தால், உங்களுக்கு வேண்டிய பதில் அந்த யோசனையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. மூத்த பிள்ளைக்கு 14 வயது ஆகும்போது இந்த 2.1 என்பது 2.3 ஆகிவிடும். சம்பளம் அப்படியே நின்றால் 48 என்பது 43.5 ஆகச் சுருங்கும். பிள்ளைகள் வளர்வதற்கு ஈடு கொடுக்கும் அளவுக்காவது சம்பளம் ஏற வேண்டும். விலைவாசி ஏற்றம் இதற்கு மேல் தனி. இந்த அளவுகோல் எல்லா ஊருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே பணம் கட்ட வேண்டிய இடத்தில் 0.3 நிச்சயம் போதாது. ஆனால் தொடக்கத்தில் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு வேண்டுமே, அதற்கு இது உதவும்.

(திரை: ஒரு கைப்பேசி, ஒரு வீட்டுச் சாவி.)

சரி, விலைவாசிக்கு வருவோம். இரண்டு ஊர்களை ஒப்பிடும் குறியீடுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. "அந்த ஊர் 20 சதவீதம் அதிகம்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிடும். சுமாரான சம்பளக்காரர் அந்த ஒற்றை எண்ணை நம்பி இறங்கக் கூடாது. காரணம் இருக்கிறது. கைப்பேசி, துணி, மின்விசிறி போன்றவற்றைக் கப்பலில் ஏற்றி எங்கும் கொண்டுபோகலாம். அவற்றின் விலை ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது. வீட்டை ஏற்றிக்கொண்டுபோக முடியாது. பள்ளிக்கூடம், மருத்துவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கை, முடிவெட்டும் கடை, இவையும் அப்படித்தான். ஊருக்கு ஊர் தாறுமாறாக மாறுவது இவற்றின் விலைதான்.

சின்னச் சம்பளத்தில் பெரும்பங்கு எதற்குப் போகிறது? 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் பெல்ஜியத்துத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடுகிறது. 1868-இல் பெர்லினில் ஹெர்மன் ஷ்வாபே வாடகைக்கும் அதே போக்கைக் காட்டினார். ஆக, சம்பளம் குறைந்தவரின் பணம் அதிகமாகப் போய்ச் சேரும் இடமும், ஊருக்கு ஊர் அதிகமாக மாறும் செலவும் வீட்டு வாடகையில் ஒன்றாகச் சந்திக்கின்றன. சராசரிக் குறியீடு 20 சதவீதம் என்றால் உங்களுக்கு அது 35 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். அந்த ஊரில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஏதாவது ஓர் ஆன்லைன் கடையைத் திறந்து, நீங்கள் வழக்கமாக வாங்கும் ஒரு வாரச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கூடையில் போடுங்கள். அரிசியோ ரொட்டியோ, எண்ணெய், பால், சோப்பு, குழந்தைக்கு டயப்பர் என எதையும் விடாமல். பணம் கட்ட வேண்டாம், கீழே வரும் கூட்டுத்தொகையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. வாடகைக்கும் அப்படித்தான்: சராசரி வாடகை என்ன என்று தேடாமல், வேலையிடத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போகக்கூடிய 10 வீட்டு விளம்பரங்களை எடுத்து, அதில் மூன்று பேரிடமாவது பேசிவிடுங்கள். விளம்பரத்தில் இல்லாத பராமரிப்புக் கட்டணமும் முன்பணமும் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்.

"வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அரசு உதவி வீடுகளில் குடியிருப்போரின் வாடகைக்கு 1969-இல் வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். அந்த எண்தான் பிறகு பொதுவிதிபோல் உலகமெல்லாம் உலவுகிறது. பெரிய சம்பளத்தில் 40 சதவீதம் வாடகை போனாலும் மீதி நிறைய இருக்கும். சின்னச் சம்பளத்தில் 25 சதவீதம் போனாலே மீதி சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் எட்டாமல் போகலாம். எனவே சதவீதத்தை விடுங்கள். வாடகை போக மிஞ்சும் தொகையில் மற்ற எல்லாம் அடங்குகிறதா என்று பாருங்கள்.

(திரை: எங்கள் தாள். நீல மையில் வரிசையாக எண்கள்.)

எங்கள் தாள் இது. கைக்கு வரும் சம்பளம் 100 பங்கு. வாடகை 35. சாப்பாடு 22. போக்குவரத்து 8. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம், கைப்பேசி எல்லாம் சேர்த்து 8. பள்ளி 10. மருத்துவமும் காப்பீடும் 5. பெற்றோருக்கு அனுப்புவது 5. கூட்டினால் 93. மீதி 7. அன்று இரவு அந்த 7-ஐப் பார்த்து இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் காலையில் என் மனைவிதான் கேட்டார்: "ஜூன் மாதம் எங்கே?" பள்ளி திறக்கும்போது வரும் செலவு எந்த மாதக் கணக்கிலும் இல்லை. பெற்றோரைப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறை நாலு பேர் போய்வரும் பயணம் இல்லை. துணிமணி இல்லை. ஏதாவது ஒன்று பழுதாகும், அதுவும் இல்லை. வருடச் செலவுகளை எல்லாம் எழுதிக் கூட்டி 12-ஆல் வகுத்தோம். மாதத்துக்கு 9 வந்தது. 7 மிச்சம் என்று நினைத்த இடத்தில் 2 துண்டு விழுந்தது.

மாதா மாதம் வரும் செலவை எல்லோரும் ஓரளவு சரியாகவே போட்டுவிடுகிறோம். வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான் எப்போதும் விட்டுப்போகிறது, கடன் அட்டையில் போய் உட்காருவதும் அதுதான்.

(திரை: காலி வீடு. கூரையிலிருந்து தொங்கும் ஒயர், பல்பு இல்லை.)

அப்புறம் முதல் மூன்று மாதம். இதைத் தனித் தாளில் எழுத வேண்டும். முன்பணம், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றிவரும் வண்டி, பயணம், பள்ளிச் சேர்க்கை. இவையெல்லாம் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கையைவிட்டுப் போகும் பணம். நாங்கள் போய் இறங்கிய மாலை வீட்டில் ஒரு பல்பு கூட இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டிலேயே எழுதினேன்: பல்பு 5, துடைப்பம், குப்பைத்தொட்டி, திரைச்சீலைக் கம்பி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மிதியடி, பூட்டு. ஒவ்வொன்றும் சில்லறைச் சாமான். ஒரு வாரம் கழித்து ரசீதுகளைக் கூட்டினால் அரை மாதச் சாப்பாட்டுச் செலவு வந்தது.

இடம்பெயரும் செலவை நிறுவனம் தருகிறது என்றால், கூடவே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டுமா? பல ஒப்பந்தங்களில் அப்படி ஒரு வரி இருக்கும். குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்பதையும் அதே மூச்சில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

துணையின் வேலைக்கு வருவோம். "அங்கே போனதும் அவரும் வேலை தேடிக்கொள்வார்" என்று அந்தச் சம்பளத்தை முதல் மாதத்திலிருந்தே கணக்கில் சேர்ப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரிய தவறு. நாடு மாறுகிறீர்கள் என்றால் துணைக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அனுமதி இருந்தாலும், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? பழைய ஊரில் பாட்டி பார்த்துக்கொண்டார், பக்கத்து வீட்டு அக்கா பள்ளியிலிருந்து கூட்டிவந்தார். அதற்கெல்லாம் நாம் விலை போட்டதே இல்லை. புது ஊரில் அந்த ஒவ்வொரு உதவிக்கும் மணிக் கணக்கில் கட்டணம். இரண்டாவது சம்பளத்திலிருந்து அதையும் போக்குவரத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் எழுதுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு அதையும் பூஜ்யம் என்றே போடுங்கள்.

தன் வேலையை விட்டு வரும் அந்த ஒருவரிடம், கணக்குத் தாளைக் காட்டுவதற்கு முன்பே, மனதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எண்கள் சரியாக வந்த பிறகு கேட்டால் அவருக்கு மறுக்க இடமே இருக்காது.

ஒருவர் மட்டும் முன்னால் போய் இரண்டு மூன்று மாதம் இருந்து பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன். இரண்டு குடித்தனச் செலவு ஆகும், உண்மைதான். ஆனால் வாடகை, பேருந்து, பள்ளி எல்லாம் நேரில் தெரிந்துவிடும். குடும்பம் எந்தத் தேதிக்குள் சேரும், அல்லது அவர் எந்தத் தேதிக்குள் திரும்புவார் என்பதை மட்டும் முன்பே பேசி எழுதிவையுங்கள். தேதி இல்லாமல் கிளம்பினால் மூன்று மாதம் மூன்று வருடமாக நீள்வது ரொம்ப எளிது, அதைப் பிள்ளைகள்தான் சுமப்பார்கள்.

(திரை: மீண்டும் எங்கள் தாள். 35 அடிக்கப்பட்டிருக்கிறது.)

எங்கள் துண்டு 2-ஐ என்ன செய்தோம்? சம்பளத்தைக் கூட்டிக் கேட்டோம், கிடைக்கவில்லை. பெற்றோருக்கு அனுப்பும் 5-இல் கை வைக்க இருவருக்கும் மனமில்லை. கடைசியில் வாடகையை அடித்துத் திருத்தினோம். 35 என்பது 31 ஆனது. ஒரு அறை குறைந்தது, வீடு இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போனது, போக்குவரத்து 8 என்பது 9 ஆனது. எல்லாம் கூட்டினால் 99.

மீதி 1. அந்த ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் கிளம்பியிருக்க மாட்டோம். முன்பணமும் வண்டிச் செலவும் போக, நான்கு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு எண்ணைத் தாளின் அடியில் எழுதி, "இது வாடகைக்கு அல்ல" என்று என் மனைவி கோடு போட்டு வைத்தார். அதற்குப் பிறகுதான் "வருகிறேன்" என்று பதில் அனுப்பினேன்.