டாக்டர் எழுதியதும் சதரத்தில் வருவதும்

நேயர்களுக்கு வணக்கம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் நம் ஆட்களுக்கு உடம்புக்கு ஒன்றென்றால் திருத்தணி, மிஞ்சினால் மெட்ராஸ். வைத்தியம் அங்கே, மாற்றுத்திறனாளி பென்ஷன் இங்கே ஆந்திர அரசிடம். "டாக்டர் எழுதிக் கொடுத்தும் பென்ஷன் வரலையே" என்று பிசியோதெரபிஸ்ட்டாக நான் அதிகம் கேட்ட புலம்பல் இதிலிருந்துதான் வருகிறது.

வருஷக்கணக்காகப் பார்க்கிற டாக்டர், "இவரால் இனி தறி ஓட்ட முடியாது" என்று லெட்டர்பேடில் எழுதியிருப்பார். உண்மைதான். ஆனால் சதரம் கேம்ப்பில், அதாவது ஊனத்தை அளந்து அரசு சான்று தருகிற முகாமில், இருக்கிற டாக்டர் உங்கள் தொழிலை அளப்பதில்லை. முட்டி எவ்வளவு மடங்குகிறது, கையில் பிடிமானம் எவ்வளவு என்று உடம்பைத்தான் அளக்கிறார். அதற்கு மத்திய அரசின் அளவீட்டு விதிகள் உண்டு. 2018-ல் வந்தவை, 2024-ல் திருத்தியவை. மற்றத் தகுதிகளோடு ஊனம் 40 சதவீதம் வந்தால் மாதம் 6,000 ரூபாய். 39 என்றால் பென்ஷன் இல்லை. தறியை விட்டு இறங்கியவருக்கு அந்த ஒரு புள்ளி அநியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனாலும் விதி அது.

ஆகவே, டாக்டரிடம் கடிதம் கேட்கும்போது, என்ன நோய், எப்போதிலிருந்து, இனி சரியாகுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மாற வாய்ப்பில்லை என்றால்தான் நிரந்தரச் சான்று. இல்லாவிட்டால் காலக்கெடு போட்ட சான்று. ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. காலுக்கு 30 சதவீதம், காதுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 50 ஆகாது. சிறிய எண்ணைச் சுருக்கிச் சேர்க்கிற சூத்திரத்தில் சுமார் 43 வரும். அதுவே 40-ஐத் தாண்டிவிட்டதே! ஆனால் காதையும் சோதித்தால்தான். "வயசானா காது அப்படித்தான்" என்று நம் பெரியவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். கேம்ப் நாளன்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்து காட்டுகிறவர்களும் உண்டு, வெட்கம்தான் காரணம்.

சான்றுக்குத் தகுதியில்லை என்றால் அதிகாரிகள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 59-ஆம் பிரிவில் அப்பீலுக்கும் வழி இருக்கிறது. 2025-ல் பழைய சான்றுகளை மறுபடி சரிபார்த்தபோது பலருக்கு நோட்டீஸ் வந்தது. நம்மில் பலர் தெலுங்கு பேசுவோம், படிக்க வராது. நோட்டீஸை அலமாரியில் செருகாமல், பள்ளிக்கூடம் போகிற பேரனிடமாவது அன்றைக்கே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்பீலுக்குக் கெடு உண்டு. எந்த நாளுக்குள், எங்கே கொடுக்க வேண்டும் என்று ஊரிலுள்ள அரசு அலுவலகமான சச்சிவாலயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.