அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஆட்டம் மாறும்

[திரையில்: பெங்களூரு மடிவாளாவிலிருந்து ஓசூர் போகும் பஸ். ஜன்னலோர சீட்டில் மடியில் ஒரு போன்.]

2021 டிசம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிவாளாவில் பஸ் ஏறிவிட்டீர்கள். பொழுது போகவில்லை. போனில் காசு வைத்து ஒரு கை ரம்மி போடலாமா? கூடாது, கர்நாடகத்தில் தடை. கொஞ்சம் பொறுங்கள். கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டி, தமிழ்நாட்டு ஜூஜூவாடி வந்ததும் அதே போன், அதே 13 சீட்டு, குற்றமே இல்லை. அதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால் நேர் எதிர்: ஓசூரில் குற்றம், பெங்களூருவில் தாராளம்.

இந்தக் கூத்து எப்படி வந்தது?

[திரையில்: இரு மாநில வரைபடம், நடுவே ஒரு கோடு.]

அரசியல் சாசனத்தில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில், 34-ஆவது இனமாக இருக்கின்றன. அதை எழுதிய காலத்தில் சூதாட்டத்துக்கு ஒரு இடம் இருந்தது. கிளப், லாட்ஜ், கடைக்குப் பின்னால் ஒரு அறை. போலீஸ் போய்க் கதவைத் தட்டலாம். சட்டைப் பையில் இருக்கிற போனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது? அதனால்தான் இந்த ஆப்கள் முதலில் லொக்கேஷன் கேட்டன. நீங்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைச் செயற்கைக்கோள் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாடு 2020 நவம்பரில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்து அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டே மாதத்தில் கர்நாடகம் தன் தடையைக் கொண்டுவந்தது. அதன் முக்கியப் பிரிவுகளும் 2022 பிப்ரவரி 14 அன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயின. காரணம், ரம்மி வெறும் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. விழுந்த சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும். சரிதான். ஆனால் அது நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடிய ரம்மி.

[திரையில்: பெங்களூரு ஸ்ரீராமபுரம், இரவு. ஆட்டோவின் உள்ளே போன் வெளிச்சம்.]

எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ அண்ணன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பின்புறம் பத்து ரூபாய்க்கு சீட்டு ஆடுவார். இரண்டு தடவை ஃபுல் கவுண்ட், அதாவது தோற்று முழு 80 புள்ளி, வாங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவரே, "எழுந்திருப்பா, வீட்ல தேடுவாங்க" என்று சொல்லிவிடுவார். போன் ரம்மியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எதிரில் இருப்பது ஒரு பெயரும் ஒரு பொம்மை முகமும்தான். சீட்டு கலைக்கிற நேரம்கூடக் கிடையாது. தோற்ற மறு நொடி அடுத்த மேசை தயார், காசு போட யுபிஐ தயார். இரவு இரண்டு மணிக்கு இது திறமையா என்று கேட்டால் நான் நீதிபதி இல்லை. ஆனால் அண்ணன் ஆட்டோ தவணை மூன்று மாதம் கட்டவில்லை.

அப்புறம் மத்திய அரசு வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் போடுகிற முழுப் பணத்துக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விதித்தது. தடுக்கிறோம் என்று ஒரு கை, வரி கொடு என்று இன்னொரு கை. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடு முழுக்கத் தடைச் சட்டம் வந்த வேகத்தைப் பாருங்கள்: 20-ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் கையெழுத்து. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆட்டம் நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. மாநிலப் பட்டியலில் இருப்பதை நாடாளுமன்றம் தொடலாமா என்ற கேள்வியோடு வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டன.

ஆனால் நிறுவனங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. சில நாட்களில் காசு மேசைகளை மூடின. அந்த மேசைகளை உருவாக்கியவர்களில் நிறையப் பேர் இதே பெங்களூருவில்தான் இருந்தார்கள். வேலையும் இங்கேதான் போனது.

[திரையில்: மறுபடியும் அந்த ஆட்டோ.]

அண்ணன் போனில் ஆப் இன்னும் இருக்கிறது. சும்மா ஆடுகிற மேசை மட்டும். "காசு இல்லாம ஆடினா உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கு தம்பி" என்றார். போன வாரம் டெலிகிராமில் யாரோ ஒரு லிங்க் அனுப்பினார்களாம். வெளிநாட்டு சைட்.

லொக்கேஷன்கூடக் கேட்கவில்லையாம்.